ஆடாதொடை பயிரிட்டால் அனுமதி வேண்டுமா? விளைவிடச் சான்று யாருக்கு, எதற்கு?

சொந்த நிலத்தில் ஆடாதொடை வளர்த்து இலையை விற்க எந்த வாரியத்திடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. யாருக்கும் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த இலையைப் பெரிய மருந்து நிறுவனத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், அது தோட்டத்தில் விளைந்தது, காட்டில் பறித்தது அல்ல என்று காட்டும் ஒரு காகிதம் கையில் இருப்பது நல்லது. அந்தக் காகிதத்தின் பெயர்தான் விளைவிடச் சான்று. 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டத்தில் இது வந்தது. மூலிகை பயிரிடும் விவசாயிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே இன்னும் தெரியாது.

முதலில் செடி. ஆடாதொடை நம் மண்ணிலேயே முளைத்து வளர்ந்த புதர். ஆற்றங்கரை, குளத்து மேடு, தோட்டத்து வேலி என்று எங்கும் தானாக நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு இதைவிடத் தோதான செடி குறைவு. வெள்ளைப் பூ, நீண்ட கரும்பச்சை இலை, கசப்பு. இருமலுக்கும் சளிக்கும் சித்த மருத்துவத்தில் தரும் ஆடாதொடை மணப்பாகு பலர் வீட்டில் பார்த்ததுதான். இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை மாதிரியாக வைத்துத்தான் ஆங்கில மருந்துக் கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். ஆக, இரண்டு வகை மருத்துவத்திலும் இதற்குப் பங்கு உண்டு. கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு.

வளர்ப்பது சிரமமே இல்லை. அதிகம் முற்றாத, அதே சமயம் பிஞ்சாகவும் இல்லாத தண்டில் மூன்று நான்கு கணு வரும்படி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பாலித்தீன் பையில் ஊன்றி நிழலில் வைத்தால் இரண்டு மாதத்தில் நன்றாக வேர் பிடித்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் நட்டுவிட்டால் மழையே முதல் இரண்டு மாதத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். வேலியாக நட்டால் இரண்டடிக்கு ஒன்று, தனி வயலாக நட்டால் மூன்றடி இடைவெளி போதும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் காட்டுங்கள். அதன் பிறகு செடியே சமாளிக்கும். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி தாங்காதது ஒன்று உண்டு, தேங்கும் தண்ணீர். வடிகால் இல்லாத களிமண் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகிப் போகும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் அடர்ந்து தழைக்கும். வெட்டிய இலையை வெயிலில் போடாமல், நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். விலை விழுவது பெரும்பாலும் இங்கேதான். வாங்குபவர் இன்னொன்றும் பார்ப்பார். உலர்ந்த ஆடாதொடை இலையோடு பீநாறி என்கிற பெருமரத்து இலையைக் கலந்து விற்பது இந்த வியாபாரத்தில் பழைய திருட்டு. அதனால்தான் சரக்கு எங்கே விளைந்தது, யார் வளர்த்தது என்ற கேள்வி எழுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த கேள்வி அது. சட்டம் அதற்கு ஒரு காகித வடிவம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் சொல்வது

மேலே சொன்ன பல்லுயிர்ச் சட்டத்தின் முழுப் பெயர் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். அது 2002இல் வந்தது. நாட்டின் செடி கொடிகளையும் அவை பற்றிய அறிவையும் வணிகத்துக்குப் பயன்படுத்துபவர், வரும் பலனில் ஒரு பங்கை அவற்றைக் காத்து வந்த மக்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதை நடத்த மூன்று அடுக்கு உண்டு. தேசிய அளவில் ஒரு ஆணையம், அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மாநில அளவில் வாரியம். ஊர் அளவில் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு.

இந்திய நிறுவனம் ஒன்று மூலிகையை வணிகத்துக்கு எடுத்தால் மாநில வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 'தெரிவித்தால் போதும், பங்கு தர வேண்டியதில்லை' என்று நிறுவனங்கள் வாதாடிப் பார்த்தன. ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் திவ்யா ஃபார்மஸி தொடுத்த வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்திய நிறுவனமானாலும் பங்கு தரத்தான் வேண்டும் என்றது. கொள்முதல் செய்யும் இடத்தில் காகிதம் கேட்கும் வழக்கம் ஏன் வலுத்தது என்பதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

2023 திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முன்கூட்டித் தெரிவிப்பதிலிருந்து சிலருக்கு விலக்கு உண்டு. அந்தப் பகுதியின் உள்ளூர் மக்கள், அவர்களில் பயிர் வளர்ப்போரும் அடக்கம். பிழைப்புக்காக நாட்டு மருத்துவம் செய்யும் வைத்தியர்கள், ஹக்கீம்கள். பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்கள். இவர்களோடு, பயிரிடப்பட்ட மூலிகைக்கும் அதிலிருந்து செய்த பொருளுக்கும் விலக்கு கிடைக்கிறது. இந்தக் கடைசி விலக்குக்குத்தான் பல்லுயிர் மேலாண்மைக் குழு தரும் விளைவிடச் சான்று தேவை. சித்த, ஆயுர்வேத நூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட அறிவுக்கும் திருத்தம் விலக்கு தந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தப்பிக்க இது வழி என்று எதிர்த்தவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கவலை நியாயமாகவே படுகிறது. ஆனால் அது வேறு பஞ்சாயத்து.

ஒன்றைக் கவனியுங்கள். வளர்ப்பவருக்கு விலக்கு தனியாகவே இருக்கிறது. பயிரிட்ட சரக்குக்கான விலக்குதான் சான்றைக் கேட்கிறது. அப்படியானால் அந்தச் சான்றால் அதிகம் பயன் பெறுபவர் யார்? உங்களிடம் இலை வாங்கும் நிறுவனம். சான்று உள்ள சரக்கை எடுத்தால் அதற்கு வாரியத்துக்கு எழுத வேண்டாம், பலனில் பங்கும் தர வேண்டாம். எனவே சான்று கேட்டு வருபவரிடம், 'சான்றோடு தருகிறேன், அதற்கேற்ற விலை போடுங்கள்' என்று பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டதும் ஓடிப்போய் வாங்கிக்கொடுத்துவிட்டு, பழைய விலைக்கே மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள்.

அதே மாதிரி, 'பல்லுயிர்க் கட்டணம்' என்று சொல்லி எடைச் சீட்டில் யாராவது பிடித்தம் செய்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சட்டப்படி பங்கு தர வேண்டியது வணிகத்துக்குப் பயன்படுத்துபவர்தான், விளைவித்தவர் அல்ல. அந்தப் பங்கும் எல்லோருக்கும் கிடையாது. 2025இல் வந்த விதிமுறையின்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் போனால் விற்றுமுதலைப் பொறுத்து 0.2 முதல் 0.6 விழுக்காடு வரை. சின்ன நாட்டு மருந்துக் கடைக்காரர் இதைக் காட்டி உங்கள் விலையைக் குறைக்க வழியே இல்லை.

சான்று வாங்குவது

போக வேண்டிய இடம் உங்கள் ஊராட்சி அலுவலகம். அங்கே பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று கேட்டால் சில இடங்களில் எழுத்தரே விழிப்பார். கேட்பதை விடாதீர்கள். 2020 ஜனவரி 31க்குள் எல்லா உள்ளாட்சியிலும் குழு அமைத்து, ஊரின் செடி கொடிகளையும் உயிரினங்களையும் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. அந்த அவசரத்தில் நாடெங்கும் ஏராளமான குழுக்கள் காகிதத்தில் பிறந்தன. காகிதத்தில் இருக்கும் குழுவும் சட்டப்படி குழுதான். கூடாத குழுவைக் கூட்டச் சொல்லி மனு கொடுக்கலாம், கிராம சபையில் எழுந்தும் கேட்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊராட்சியில் தனி அலுவலரிடம் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் வேலை நகரவில்லை என்றால் அடுத்த கதவு மாநில வாரியம்.

மனுவில் பட்டா எண், சர்வே எண், பரப்பு, நட்ட மாதம், கன்று எங்கே வாங்கியது, எவ்வளவு இலை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தனி வயலாக நட்டிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலில் பயிரின் பெயரை ஏற்றிவிடுவது பெரிய பலம். சிக்கல் வேலிக்குத்தான். வேலியில் நிற்கும் செடியைப் பயிர் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எந்த வரப்பில் எத்தனை செடி என்று எழுதி, படமும் எடுத்து இணைத்துவிடுங்கள். கன்று வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். நட்டது, தானாக முளைத்தது என்ற வித்தியாசத்தைக் காட்டுவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

குளத்துக் கரையிலும் புறம்போக்கிலும் தானாக நிற்கும் ஆடாதொடைக்கு இந்தச் சான்று பொருந்தாது. உள்ளூர்க்காரர் கஷாயத்துக்கோ வயலுக்குத் தழையுரமாகவோ அதை வெட்டினால் இந்தச் சட்டத்தில் தடை இல்லை. வெளியூர் வியாபாரி வந்து லாரியில் ஏற்றினால் கதை வேறு. தன் எல்லைக்குள் வணிகத்துக்காகச் சேகரிப்பவரிடம் கட்டணம் வசூலிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஊராட்சிக்கு வர வேண்டிய பணம் அது. தோட்டத்து இலையோடு புறம்போக்கு இலையையும் சேர்த்து ஒரே சான்றில் அனுப்புவது மட்டும் வேண்டாம். இந்தச் சட்டத்தை மீறினால் இப்போது சிறை இல்லை, ஆனால் அபராதம் 1 லட்சத்தில் தொடங்கி 50 லட்சம் ரூபாய் வரை போகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர், வெளிநாட்டவர், வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் ஆகியோருக்கு மேலே சொன்ன விலக்குகள் இல்லை. அவர்கள் தேசிய ஆணையத்தின் வழியே போக வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பெயரில் மூலிகைக் கம்பெனி தொடங்கும் யோசனை இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மானியம் உண்டா?

இணையத்தில் தேடினால் மூலிகை சாகுபடிக்கு 30, 50, 75 விழுக்காடு மானியம், 140 செடிகள் என்ற பட்டியல் இன்னும் கண்ணில் படும். அது தேசிய ஆயுஷ் இயக்கத்தின் கீழ் 2015-16 முதல் 2020-21 வரை நடந்தது. முடிந்துவிட்டது. அந்தப் பட்டியலைக் காட்டி 'மானியம் வாங்கித் தருகிறேன், பதிவுக்கட்டணம் கொடு' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2024-25இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் ஆடாதொடை, நொச்சிக் கன்றுகள் தருவதும் சேர்ந்தது. மருந்துக்காக அல்ல, பூச்சிவிரட்டி தயாரிக்க. ஆடு மாடு தின்னாத இலைகளை ஊறவைத்துத் தெளிக்கும் பழைய முறைக்கு உதவும் என்ற எண்ணம். உங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு கன்று இருக்கிறதா என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடமோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டால் தெரிந்துவிடும்.

விற்பனைக்கு, தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் இ-சரக் செயலியில் விற்பவரும் வாங்குபவரும் பதிந்துகொள்ளலாம். அதே வாரியம் இந்தியத் தரக் குழுமத்தோடு சேர்ந்து நடத்தும் தன்னார்வத் தரச்சான்றும் உண்டு. இது சரக்கின் தரத்துக்கு, விளைவிடச் சான்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலியோரம் நூறு செடி வைத்திருப்பவருக்குத் தரச்சான்றின் செலவு கட்டாது. பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் போனால் யோசிக்கலாம். நடுவதற்கு முன்பே விருதுநகர் போன்ற சரக்குச் சந்தையிலோ பக்கத்து சித்த மருந்துத் தயாரிப்பாளரிடமோ பேசி, இலையா வேரா, உலர்ந்ததா பச்சையா, குறைந்தது எத்தனை கிலோ என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேர் வேண்டும் என்றால் செடியையே பிடுங்க வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்கவும் வேண்டும்.