அமுக்குவான் பேய்க்கு மாத்திரை எழுதாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். செவிலியராகப் பணிபுரிபவர். சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து படுத்துக் கண் அயரும் நேரத்தில், பீரோவை ஒட்டி உயரமாக ஒருவன் நிற்பதையும், அவன் மெல்ல வந்து தன் நெஞ்சின்மேல் அமர்வதையும், கத்த முயன்றும் குரல் எழாமல் போவதையும் அவர் பலமுறை அனுபவித்திருக்கிறார். முதலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். தலைமாட்டில் துடைப்பமும் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மருத்துவர், மனச்சிதைவு நோயின் தொடக்கம் என்று கூறி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உடல் பருத்து, பகலெல்லாம் தூங்கி வழிந்து, நிச்சயமாகியிருந்த திருமணமும் நின்றுபோன பின்னரே என்னிடம் வந்தார்கள். இதுபோன்ற கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் கனவு காணும் உறக்கக் கட்டத்தில் மூளை விழிப்புடன் இருப்பதைப்போலவே இயங்கும். ஆனால் கைகால் தசைகள் தளர்த்தி வைக்கப்பட்டிருக்கும். உறக்கமும் விழிப்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டால், கண் திறந்திருக்கும்போதே கனவும் தொடரும், உடலும் அசையாது. ஊரார் அமுக்குவான் பேய் என்பது இந்த உறக்க முடக்கத்தைத்தான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து, உதரவிதானம் மட்டுமே மூச்சை நடத்துவதால் நெஞ்சில் பாரம் ஏறியதுபோல் தோன்றும். சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் தானாகவே விலகிவிடும்.

இது பேய் அல்ல என்று சொன்னால் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஜப்பானியரும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மக்களும்கூட இதே அமுக்கத்தைத் தத்தம் பேய்களின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆத்திரமூட்டுவது, படித்தவர்கள் அதன் இடத்தில் கொண்டுவந்து வைக்கும் மற்றொரு பேய்: ‘இல்லாத உருவம் தெரிகிறதா, அப்படியானால் மனநோய்தான்.’ இல்லவே இல்லை. 1996-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய ஆய்வில், 37 விழுக்காட்டினர் உறக்கத்துக்குள் நுழையும்போது இத்தகைய மாயத்தோற்றங்களை அனுபவித்ததாகக் கூறினர். விழிக்கும் தறுவாயில் அனுபவித்தவர்கள் 12.5 விழுக்காட்டினர். யாரோ பெயர் சொல்லி அழைப்பது, அழைப்பு மணி ஒலிப்பது, தலைக்குள் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுவது ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. உடல் அசையாமல் போகும் உறக்க முடக்கத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 7.6 விழுக்காடு என்றும், மாணவர்களில் 28.3 விழுக்காடு என்றும் 35 ஆய்வுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை கணக்கிட்டது. இவர்களுக்கெல்லாம் மனச்சிதைவு என்றால், நம் மாணவர் விடுதிகளில் கால் பங்குக்கும் மேற்பட்டோரைப் பூட்டிவிட வேண்டியதுதான்!

மனச்சிதைவில் குரல்கள் நல்ல விழிப்பில், பட்டப்பகலில், சமைத்துக்கொண்டிருக்கும்போதும் பேருந்தில் அமர்ந்திருக்கும்போதும் கேட்கும். அவற்றைச் சுற்றி அசைக்க முடியாத சந்தேகங்கள் வளரும். நோயாளி அவற்றை உண்மையென்றே வாதிடுவார். இங்கேயோ, முழுதாக விழித்த மறுகணமே, ‘அப்படி யாரும் அங்கே இல்லை என்று எனக்கே தெரியும், டாக்டர்’ என்கிறார்கள். சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘என்ன தெரிந்தது’ என்பதைவிட ‘எப்போது தெரிந்தது’ என்று முதலில் கேளுங்கள். அப்போது விரலை அசைக்க முடிந்ததா, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார், எப்படிப் படுத்திருந்தார் என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் அந்தப் பெண்ணுக்கு மாத்திரை எழுதப்பட்டது.

மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டிய சூழல்களும் உண்டு. போதுமான அளவு உறங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறது, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்குகிறது, இவற்றுடன் இந்தத் தோற்றங்களும் வருகின்றன என்றால் அது நார்கோலெப்சி என்னும் தூக்க நோயாக இருக்கலாம். 1880-இலேயே பெயரிடப்பட்ட நோய் என்றாலும், இன்றும் சோம்பேறி என்ற பட்டத்தோடு பல ஆண்டுகள் கழிந்த பிறகே கண்டறியப்படுகிறது. முதியவர்களுக்குப் பகல் விழிப்பில் குழந்தைகளோ விலங்குகளோ தெரிவது வேறு கதை. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். குடியை நிறுத்திய சில நாட்களுக்குள் கைநடுக்கத்துடன் உருவங்கள் தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது தூக்கத்தைச் சீராக்குவதே. இரவு ஒரு மணி வரை கைபேசியைப் பார்த்துவிட்டு, ‘ஏன் டாக்டர் எனக்கு மட்டும்’ என்று கேட்காதீர்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இரவுப் பணி முடிந்து வருபவர்கள் அறையை இருட்டாக்கி ஒரே நேரத்தில் படுக்கப் பழகுங்கள். வீட்டில் உள்ளவர்கள், பகல்தானே என்று குக்கர் விசிலுக்கும் விருந்தினருக்கும் நடுவே அவர்களை எழுப்பாமலிருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முடக்கம் வந்துவிட்டால் முழு பலத்தோடு போராட வேண்டாம். மூச்சை நிதானமாக விட்டு, ஒரு விரலையோ கால் கட்டைவிரலையோ அசைக்க முயலுங்கள்.

ஏற்கெனவே மனநல மாத்திரை உட்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கம் கெட்டு இதே தொல்லை அதிகமாகலாம், இருக்கும் நோயும் திரும்பலாம். ஐயம் இருந்தால் மறுகருத்துக் கேளுங்கள். செல்லும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், தோற்றம் வந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்கு எழுதிய தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.