விளையாட அனுப்பும் முன் ஒரு கேள்வி

"வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?"

டாலஸ் புறநகரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். வருடாந்தரப் பரிசோதனைக்கு வரும் பெற்றோரிடம் கார் சீட், நீச்சல் குளத்து வேலி, மாத்திரை அலமாரி என்று கேட்டுக்கொண்டே வரும்போது இதையும் கேட்பேன். டெக்ஸஸ்காரர்கள் அலட்டிக்கொள்ளவே மாட்டார்கள். "மூன்று இருக்கு, சேஃபில் பூட்டியிருக்கோம்" என்பார்கள். நம்மவர்கள் சிரிப்பார்கள். "என்ன டாக்டர், நாங்க போய் துப்பாக்கி வெச்சிருப்போமா?"

அந்தச் சிரிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஊரில் துப்பாக்கியைப் பேங்க் வாசல் காவலாளியிடம் பார்த்திருப்போம், அவ்வளவுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்குவதே பெரும்பாடு. வாங்கினாலும் தேர்தல் வந்தால் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இங்கே டெக்ஸஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதுக்காரர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். அமெரிக்காவில் பத்துப் பெரியவர்களில் சுமார் நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வசிப்பதாக ப்யூ ஆய்வு நிறுவனத்தின் 2023 கருத்துக்கணிப்பு சொல்கிறது. டெக்ஸஸ் இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. உங்கள் பிள்ளை சனிக்கிழமை விளையாடப் போகிற வீட்டையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

நம் பயமெல்லாம் பள்ளியையும் ஷாப்பிங் மாலையும் சுற்றித்தான். நியாயமான பயம். 2022இல் யுவால்டி பள்ளி, 2023 மே மாதம் நம்மவர்கள் வாரா வாரம் போகிற ஆலன் அவுட்லெட் மால், இரண்டிலும் துப்பாக்கிச் சூடு. ஆலனில் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் இந்தியாவிலிருந்து வந்த இளம் இன்ஜினியரும் ஒருவர். அதற்குப் பிறகு குண்டு துளைக்காத ஸ்கூல் பேக் பற்றி என்னிடம் விசாரித்தவர்கள் உண்டு. ஆனால் இத்தகைய சம்பவங்களில் போகும் உயிர்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் இறப்புக்கு 2020இலிருந்தே முதன்மைக் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தே அதற்குப் பின்னால் போய்விட்டது. அதில் கணிசமான பகுதி வீடுகளுக்குள் நடக்கிறது.

"என் பையன் தொட மாட்டான், சொல்லி வளர்த்திருக்கேன்" என்கிறவர்களுக்கு அட்லாண்டாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்வேன். 8 முதல் 12 வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக, தோட்டா இல்லாத நிஜத் துப்பாக்கி ஒளித்து வைத்த அறையில் விளையாட விட்டார்கள். அதைக் கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவற்றில் பையன்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள், சிலர் விசையையும் இழுத்தார்கள். எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் துப்பாக்கி பற்றிய பாதுகாப்புப் பாடம் ஏற்கெனவே சொல்லித் தரப்பட்டிருந்தது. புத்திமதியை நம்பாதீர்கள், பூட்டை நம்புங்கள்.

சரி, அடுத்த வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? நமக்குத்தான் கூச்சம். தாத்தாவின் மான் வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இது அவமானப்படுத்தும் கேள்வியே இல்லை. வேர்க்கடலை அலர்ஜி, வீட்டில் நாய் உண்டா என்று கேட்கும் அதே மெசேஜில் சேர்த்துக் கேளுங்கள்: "எங்க பையன் கையில் கிடைச்சதையெல்லாம் நோண்டுவான், துப்பாக்கி இருந்தா பூட்டியிருக்கும் இல்லையா?" பழியைப் பிள்ளைமேல் போட்டால் பேச்சு சுலபமாகிவிடும். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்ற விவாதத்துக்கு மட்டும் போகாதீர்கள், அது வேறு ஊர் வழக்கு. பதில் மழுப்பலாக வந்தால், அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழைத்துவிடுங்கள்.

சில வருடங்களாக நம்மவர்களிலும் "இருக்கு" என்று தணிந்த குரலில் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். கோவிட் காலத்துப் பயம், அப்புறம் நகைக்காக நம் வீடுகளைக் குறிவைக்கிறார்கள் என்ற பேச்சு. வாங்குவது பெரும்பாலும் கணவர், வைப்பது கட்டில் பக்கத்து இழுப்பறையில். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாவுக்கு விஷயமே தெரியாது. பேரன் அந்த இழுப்பறையைத் திறந்தால் தடுக்க வேண்டும் என்றும் தோன்றாது.

என்னை அதிகம் உறுத்துவது பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள். 2022இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இந்த வயதில் அந்த எண்ணம் திடீரென்று உச்சத்துக்குப் போய், கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. மற்ற பல முயற்சிகளில் காப்பாற்ற எங்களுக்கு நேரம் கிடைக்கும். துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை. மார்க், கல்லூரி அட்மிஷன் என்று பிள்ளை ஒடுங்கிப்போய்த் தெரிந்தால், துப்பாக்கியை வீட்டை விட்டே கொஞ்ச காலம் அப்புறப்படுத்துங்கள். பிள்ளையிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

சட்டம் என் துறை இல்லை, ஆனாலும் இரண்டு விஷயம். டெக்ஸஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைத்துவிட்டால், அதைக் கவனக்குறைவாக வைத்திருந்தது குற்றம். இன்னொன்று, எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பரோடு துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய் ஜாலியாக நாலு குண்டு சுட்டுப் பார்ப்பதும் சிக்கலாகலாம். போகும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தோட்டாவை எடுத்துவிட்டு துப்பாக்கியைப் பூட்டுங்கள், தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். கேபிள் பூட்டைப் பல போலீஸ் ஸ்டேஷன்களில் இலவசமாகவே தருகிறார்கள். சாவியைப் பூஜை அலமாரியில் வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் தேடுவது அங்கேதான். நம்பர் பூட்டு என்றால், பிள்ளையின் பிறந்த தேதி வேண்டாம்.