‘முடிசூட்டு விழா’ இல்லை, பீடமேற்றல்

இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயர்களான கேன்டர்பரி பேராயர்களைப் பற்றிய பழைய வரலாறு தமிழுக்கு வரும்போதெல்லாம் அவர்களுக்கு ‘முடிசூட்டு விழா’ நடந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது என்த்ரோன்மென்ட் (enthronement). அதற்கும் முடிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கிரேக்கத்தில் ‘த்ரோனோஸ்’ என்றால் உயர்ந்த இருக்கை. பிஷப்பின், அதாவது ஆயரின், இருக்கைக்கு இலத்தீனில் ‘கத்தீட்ரா’ என்று பெயர். அது இருக்கும் கோயில் கத்தீட்ரல். புதியவரை அந்த இருக்கையில் அமர்த்துவதுதான் இந்தச் சடங்கு.

முடியை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) பிஷப்புகள் வழிபாட்டில் மைட்டர் என்னும் கூம்புத் தொப்பியைக்கூட அணிவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் தலையில் இருந்தது பொய்முடி. அதைத்தான் சூட்டினார்கள் என்கிறார்களோ என்னவோ! சிலர் ‘பட்டாபிஷேகம்’ என்கிறார்கள். ஒருவரைப் பிஷப் ஆக்குவதற்கென்று 1550இல் வந்த ஆங்கிலத் திருநிலைப்பாட்டு முறையிலேயே எண்ணெய் பூசுவது கிடையாது. கைவைத்து மன்றாடுவதும் வேதாகமமும் மேய்ப்பர் கோலும்தான். ‘அரியணை ஏற்றம்’ கொஞ்சம் பரவாயில்லை, இருக்கையாவது வருகிறது. ஆனால் அரி என்றால் சிங்கம். சிங்காசனத்தின் மறுபெயர் அது. அரசனுக்கு உரியதை ஆயருக்கு ஏன் போட வேண்டும்?

ஆயர் பீடம் என்று கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். எனவே ‘பீடமேற்றல்’ போதும். ‘பீடமேற்பு’ என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவராக ஏறி உட்காருவதில்லை. கேன்டர்பரியில் ஆர்ச்டீக்கன் என்னும் மூத்த குருதான் அவரை அமர்த்துவது மரபு. கேன்டர்பரியின் முதல் பேராயரான புனித அகுஸ்தீனாரின் இருக்கை என்று அங்கே பர்பெக் கல்லால் ஆன ஆசனம் ஒன்று உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பேராயர் நேரில் வராமல் பதிலாளை அமர்த்தி இந்தச் சடங்கை முடித்துக்கொண்டதும் உண்டு. முடிசூட்டு என்றால் பதிலாளின் தலையிலா வைப்பார்கள்?

பிஷப் நியமனத்தின் படிகள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அமுக்குவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். எட்டாம் ஹென்றி காலச் சட்டப்படி, பிஷப்பைத் தேர்ந்தெடுக்கக் கத்தீட்ரல் குருக்களுக்கு அரசர் அனுமதி தருவார். யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பெயரையும் அவரே எழுதி அனுப்பிவிடுவார். அதற்குத் தேர்தல் என்று பெயர்! அடுத்து, அந்தத் தேர்தலைச் சட்டப்படி உறுதிசெய்யும் உறுதிப்பாடு. பிறகு திருநிலைப்பாடு: 1559 டிசம்பர் 17 அன்று லண்டனில் பேராயரின் இல்லமான லாம்பெத் அரண்மனைச் சிற்றாலயத்தில், கேன்டர்பரிப் பேராயராகவிருந்த மேத்யூ பார்க்கர் மேல் நான்கு பிஷப்புகள் கைவைத்தது இதற்காகத்தான். பீடமேற்றல் இதிலிருந்து வேறு. ஒன்று ஆளைப் பிஷப் ஆக்குகிறது. மற்றது அவரை ஒரு மறைமாவட்டத்தில், அதாவது பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதியில், அமர்த்துகிறது.

நமக்குத் தெரிந்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள். இடையன்குடி கால்டுவெல் 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில், சக மிஷனரி சார்ஜென்ட்டோடு சேர்ந்து, பிஷப்பாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இருவரும் சென்னை பிஷப்பின் உதவி பிஷப்புகள்தான், சொந்தப் பீடம் கிடையாது. திருநெல்வேலி தனி மறைமாவட்டமானது 1896இல். கால்டுவெல் 1891இலேயே காலமாகிவிட்டார். அவருக்கும் யாராவது ‘முடிசூட்டு விழா’ எடுத்தால், எந்த ஊர்க் கத்தீட்ரலில் என்று கேட்டுவையுங்கள்.