எக்கினோசீரியஸ்: முள்ளெலியா, மெழுகுத்திரியா?

கள்ளித் தொட்டியில் செருகிய பெயர்ச்சீட்டில் 'எக்கினோசீரியஸ்' என்று இருந்தால் முதல் வாசிப்பில் நாக்கு தடுக்கத்தான் செய்யும். பிரித்தால் எளிது. 'எக்கினோஸ்' கிரேக்கச் சொல்; பொருள் முள்ளெலி. கடலடியில் முள்ளுருண்டையாகக் கிடக்கும் உயிரினத்தையும் கிரேக்கர்கள் அதே பெயரால்தான் அழைத்தார்கள். 'சீரியஸ்' லத்தீன்; மெழுகுத்திரி. நெட்டுக்குத்தாக வளரும் ஒரு கள்ளிப் பேரினத்துக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தது. ஜார்ஜ் எங்கல்மான் என்ற தாவரவியலாளர் 1848இல் இரண்டையும் ஒட்டிப் புதுப்பெயர் ஆக்கினார்.

தமிழில் 'முள்ளம்பன்றிக் கள்ளி' என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். முள்ளம்பன்றியின் முள் நீளமாகப் பின்னோக்கிச் சாயும். முள்ளெலியோ பந்தாகச் சுருண்டு எல்லாப் பக்கமும் குட்டை முள் நீட்டும். இந்தச் செடியின் குட்டைத் தண்டும் அப்படித்தான். எனவே 'முள்ளெலிக்கள்ளி'. மெழுகுத்திரியை விட்டுவிடலாம், பெயரில் இரண்டு உவமை தாங்காது.

சரி, 'கள்ளி' பொருந்துமா? சங்கப் பாடல்களில் வரும் கள்ளி, கீறினால் பால் வடியும் வேறு குடும்பம். இந்தச் செடியின் குடும்பமோ ஏறக்குறைய முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. முள்ளெலிக்கள்ளி மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் வளர்வது. கீறினால் பால் வராது. முள் ஒவ்வொன்றும் தனியாக இல்லாமல், பஞ்சு வைத்ததுபோன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஆனாலும் இதே குடும்பத்துச் சப்பாத்திக்கள்ளியைத் தமிழ் எப்போதோ கள்ளிக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.

இந்தப் பேரினத்தில் பல இனங்கள், அடியில் பக்கக்கன்று விட்டுத் தூர் கட்டும். அதைச் சொல்லத் தமிழில் 'குத்து' இருக்கிறது. செடிக் கூட்டமும் குத்து, முள் செய்வதும் குத்து! அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2014இல் தன் மாநிலக் கள்ளியாக அறிவித்த செம்பூ இனத்தில், ஒரே குத்தில் நூற்றுக்கணக்கான தண்டுகள்கூட இருக்கும். அதன் பூவைத் தேடி வருவது ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்).

பூத்துவிட்டால் அடையாளம் காண்பது எளிது. இதழ் என்ன நிறமானாலும் நடுவில் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) பெரும்பாலும் பச்சையாக நிற்கும். பூக்குழாயில் முள் இருக்கும். உருவத்தில் குழப்பும் எக்கினாப்சிஸ் என்ற இன்னொரு கள்ளிப் பேரினத்துக்குக் குழாயில் முடிதான்.

வளர்ப்பில் பலர் தவறுவது குளிர்காலத் தண்ணீரில். மணலும் சரளையும் கலந்த மண், நல்ல வெயில், கோடையில் மண் காய்ந்தபின் நீர். அப்புறம் குளிர் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தண்டு சுருங்கி வாடியதுபோலத் தெரியும். பரிதாபப்பட்டு ஊற்றினால் அழுகும். குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு கிடைக்காவிட்டால் பல இனங்கள் மொட்டு வைக்காது. பெருக்க வேண்டுமானால் பக்கக்கன்றை அறுத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின் நடலாம்.

பூவும் இல்லை, பெயர்ச்சீட்டும் தொலைந்துவிட்டதா? தண்டின் பக்கவாட்டில், முள்கொத்துக்குச் சற்று மேலே பாருங்கள். இதன் மொட்டு உள்ளிருந்து தோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். முன்பு பூத்த செடியில் அந்தத் தழும்பு இருக்கும்.