வெயிலில் ஓடுகிறவர்களுக்கு: மூச்சுப் பட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வேலூரில் விளையாட்டுப் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. மற்றவர்கள் மாரத்தான் ஓடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்கள். கொஞ்ச நாளாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நெஞ்சில் கட்டி மூச்சை அளக்கிற பட்டை வந்திருக்காமே, வாங்கலாமா சார்?"

நம் ஊர் வெயிலில் ஹார்ட் ரேட்டை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்தால் போதாது, மூச்சையும் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போய்வருகிறது என்று பட்டை காட்டும் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

மே மாதக் காலையில் மைதானத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஆறு மணிக்கு ஆரம்பித்தவன் ஏழரை வரை ஒரே வேகத்தில் ஓடுகிறான். வேகம் கூடவில்லை, ஆனால் கடிகாரத்தில் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வியர்வையில் நீர் குறைகிறது, தோலைக் குளிர்விக்க ரத்தம் அந்தப் பக்கம் போகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. கால் தசை செய்யும் வேலை என்னவோ பழையபடிதான். இந்த மாதிரி நேரத்தில் மூச்சு ஓரளவு நிதானமாக இருந்தால் உழைப்பு கூடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காகத் துடிப்பை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை, உடம்பு வெயிலுக்கு விலை கொடுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. துடிப்போடு மூச்சும் சேர்ந்து ஏற ஆரம்பித்தால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, மூச்சில் அப்படி என்ன இருக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, ஒவ்வொன்றிலும் சுமார் அரை லிட்டர் காற்று. நன்றாகப் பயிற்சி பெற்றவர் உச்ச வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாண்டிப் போகும். இந்த ஏற்றம் ஒரே சீராக இருப்பதில்லை, இரண்டு இடங்களில் திருப்பம் எடுக்கிறது. வேகம் கூடும்போது தசையில் அமிலம் சேர்கிறது. ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது, அதை வெளியேற்ற மூச்சு கூடுகிறது. இது முதல் திருப்பம். அமிலம் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் மூச்சு தாறுமாறாக ஏறும், அது இரண்டாவது. முதல் திருப்பத்தை ரத்தம் எடுக்காமல் மூச்சிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று 1964-இல் வாஸர்மேன், மெக்கில்ராய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் அதை இதய நோயாளிகளுக்காகச் செய்தார்கள். இன்று நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு, எது நிதான ஓட்டம், எது கடும் ஓட்டம் என்று பிரிக்கிற கோடு அதுதான்.

ஆய்வகத்தில் முகத்தில் மாஸ்க் மாட்டி, வெளியே வரும் காற்றை நேரடியாக அளக்கிறார்கள். பட்டை அப்படி அளப்பதில்லை. நெஞ்சு எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து காற்றைக் கணக்கிடுகிறது. சிக்கலே இங்கேதான். மூச்சுக்கு நெஞ்சும் விரிகிறது, வயிறும் விரிகிறது. காற்றின் அளவைச் சரியாகச் சொல்ல இரண்டையும் பார்க்க வேண்டும் என்று கொன்னோ, மீட் என்ற ஆய்வாளர்கள் 1967-லேயே காட்டிவிட்டார்கள். ஹெக்ஸோஸ்கின் போன்ற, மூச்சை அளக்கும் பனியன்களில் நெஞ்சுக்கொன்று வயிற்றுக்கொன்று என இரண்டு பட்டை இருப்பது அதனால்தான். ஒற்றைப் பட்டை கட்டிக்கொண்டு வயிற்றால் மூச்சு விடுகிறவருக்கு அளவு குறைத்துக் காட்டலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து மிதிக்கும்போது ஒரு கணக்கு வரும், நிமிர்ந்தால் வேறு கணக்கு வரும். வியர்வையில் பட்டை நழுவினாலும், நடுவில் தண்ணீர் குடித்தாலும், இருமினாலும் கணக்கு குழம்பிப்போகும்.

ஆகவே பக்கத்தில் ஓடுகிறவனின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். அதே பட்டை, அதே இறுக்கம், மார்பு எலும்பின் கீழ்நுனிக்கு நேராக அதே இடம். அப்படிக் கட்டினால் போன மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிடலாம்.

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதிலும் ஒரு குறை உண்டு. நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை, 2 லிட்டராக 30 மூச்சிலும் இழுக்கலாம், 1 லிட்டராக 60 மூச்சிலும் இழுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாயோடு நின்றுவிடும், நுரையீரலின் காற்றறைக்குப் போகாது. முதலாமவருக்கு உள்ளே சேர்வது 55.5 லிட்டர், இரண்டாமவருக்கு 51 மட்டும். மேலோட்டமாக இரைத்து ஓடுகிறவர் சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். கைக்கடிகாரம் காட்டும் மூச்சு எண்ணிக்கை பெரும்பாலும் நாடித்துடிப்பின் இடைவெளியிலிருந்து ஊகிப்பது. தூக்கத்தில் பரவாயில்லை, கடும் ஓட்டத்தில் அதை நம்ப வேண்டாம்.

பட்டை வாங்க வசதி இல்லாத தம்பிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது பேச்சுச் சோதனை. ஓடிக்கொண்டே, பஸ் கண்டக்டர் மாதிரி "வேலூர், சத்துவாச்சாரி, பெருமுகை, ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் முதல் திருப்பத்துக்குக் கீழே இருக்கிறீர்கள். பெருமுகையிலேயே மூச்சு வாங்கினால் அதைத் தாண்டிவிட்டீர்கள். சத்துவாச்சாரியே வாயில் வரவில்லை என்றால் இரண்டாவதை நெருங்கிவிட்டீர்கள். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் ஆற்காடு வரை சொல்ல முடிகிற வேகத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டை நோயைக் கண்டுபிடிக்காது. ஓடி முடித்த ஐந்து பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி வீசிங் சத்தமோ இருமலோ வந்தால் அது உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம், அதற்கு ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை) பார்க்க வேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அப்புறம், பெண் பிள்ளைகளைப் பற்றி. போன மாதம் சுலபமாக ஓடிய வேகத்திலேயே இந்த மாதம் மூச்சு வாங்கினால் "ஸ்டாமினா போதவில்லை" என்று வீட்டிலும் மைதானத்திலும் திட்டுகிறார்கள். பல சமயம் காரணம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் பரிசோதனைக்குப் பட்டையின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. முதலில் அதை எடுத்துப் பாருங்கள், பயிற்சியைக் கூட்டுவதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.