சொல் விளக்கம்: சமூக ஒதுக்கல்

காட்சிக் கலை படித்த தம்பி ஒருவர், தான் எடுத்த பதினோரு நிமிடப் படத்துக்குத் தமிழில் அறிமுகக் குறிப்பு கேட்டார். 'எக்ஸ்பெரிமென்டல் ஃபிலிம் ஆன் சோஷியல் எக்ஸ்க்ளூஷன்' என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தார். முன்பாதியில் சிக்கல் இல்லை. நாம் சோதனைப் படம் என்கிறோம், இலங்கையில் பரீட்சார்த்தப் படம் என்பார்கள். (சில படங்கள் பார்ப்பவருக்கும் சோதனைதான், அது வேறு கதை.) பின்பாதியில்தான் மாட்டிக்கொண்டேன்.

'எக்ஸ்க்ளூஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'க்ளாவ்தெரெ' என்றால் சாத்துதல். ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுதான் மூலப்பொருள். சமூகவியல் சொல்லாக இது பரவியது பிரான்ஸிலிருந்து. அந்நாட்டு அரசில் சமூக நலப் பொறுப்பில் இருந்த ரெனே லெனுவார், 1974இல் 'லே எக்ஸ்க்ளூ' (வெளியே தள்ளப்பட்டவர்கள்) என்று ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களில் பத்தில் ஒருவர் இப்படி வெளியே நிற்கிறார் என்பது அவர் கணக்கு. 1997இல் பிரிட்டனின் டோனி பிளேர் அரசு இதே பெயரில் தனிப் பிரிவே தொடங்கியது.

தமிழில் 'சமூக விலக்கம்', 'சமூகப் புறக்கணிப்பு' இரண்டும் புழங்குகின்றன. எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. சாலை போட்டுத் தராத கோபத்தில் ஊரே தேர்தலைப் புறக்கணிக்கிறது. அது தள்ளப்பட்டவர்கள் திருப்பி அடிக்கும் அடி. விலக்கு என்றதும் வரிவிலக்குதான் நினைவுக்கு வருகிறது, அது சலுகை. விலக்கம் என்று நீட்டினாலும், ஆளை அப்புறப்படுத்துவதாகவே பொருள் வரும்.

படத்தில் யாரையும் அப்புறப்படுத்தவில்லை. ஒரு டீக்கடை, சாலைக்கு எதிர்ப்புறம் அசையாமல் நிற்கும் கேமரா. பெரியவர் ஒருவர் வருகிறார். கூரைக் கீற்றில் செருகிய கிளாஸைத் தானே எடுத்து, தானே கழுவி, நீட்டுகிறார். டீ உயரத்திலிருந்து விழுகிறது. காசைப் பலகையில் வைக்கிறார். பெஞ்சில் இடம் இருக்கிறது, அவர் உட்காரவில்லை. வசனமே கிடையாது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2000இல் வெளிவந்த கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்: வெளியே தள்ளுவது ஒன்று, மோசமான நிபந்தனையோடு உள்ளே சேர்த்துக்கொள்வது இன்னொன்று. டீ கிடைக்கிறது, கிளாஸ் மட்டும் தனி. இந்த இரண்டாவதையும் தாங்குகிற சொல் நம்மிடம் பேச்சிலேயே இருக்கிறது. 'ஒதுக்கி வச்சுட்டாங்க' என்கிறோமே, அதுதான். ஊருக்குள்ளேயே இருப்பவரையும் ஒதுக்கலாம். ஊர்க்கோடிக்கு ஒதுக்குப்புறம் என்று பெயர். அந்த அநீதியைச் சரிசெய்ய வந்த இட ஒதுக்கீடும் இதே வேரில் முளைத்தது என்பது தமிழின் விசித்திரம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. 'மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்' என்று கேலி செய்கிறோம். உள்ளே விடாமல் ஒதுக்கியது யார் என்று அந்தக் கேலி கேட்பதில்லை. 'ஒதுக்கல்' என்று சொன்னால் கேட்டே ஆக வேண்டும். பிறவினை என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஆகவே 'சமூக ஒதுக்கல்' என்றே எழுதிக் கொடுத்தேன். தம்பி படத்துக்கு 'ஒதுங்கியவர்கள்' என்று பெயர் வைத்திருந்தார். குறிப்பைப் படித்துவிட்டு 'ங்'கை எடுத்து 'க்' போட்டார். படத்தில் வேறெதையும் மாற்றவில்லை.