ராத்திரி எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்

இந்தக் குளிர்காலத்திலும் அதே கதை. ஊட்டிப் பக்கம் கேரட் லோடுக்காகக் காத்திருந்த லாரியில் ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிய டிரைவர், காலையில் தலைவலியும் வாந்தியுமாகத் தள்ளாடி இறங்கியிருக்கிறார். சாப்பாடு சேரவில்லை போல என்று கூட இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு நாள் கழித்து "கேபினுக்குள் புகை வாடை" என்று அந்த வண்டி என் பட்டறைக்கு வந்தது. கியர் லீவர் அடியில் தரை ஓட்டையை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து தொங்குகிறது. தரை மேட்டைத் தூக்கி விரலால் தடவினால் கரி அப்பிக்கொள்கிறது. கீழே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை அடுத்த சைலன்சர் குழாயில், இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. அங்கே கசிந்த புகைதான் அந்தக் கிழிசல் வழியாகக் கேபினுக்குள் வந்திருக்கிறது. அந்த மனிதர் தன் காலில் இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

ஏன் அணைக்கவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இந்தக் குளிர்ல அணைச்சா காலையில செல்ஃப் எடுக்காதுண்ணா", அதாவது வண்டி ஸ்டார்ட் ஆகாது. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நம் லாரிகளில் ஊற்றும் 15டபிள்யூ40 ஆயிலில் அந்த 15டபிள்யூ என்பதே மைனஸ் 20 டிகிரிக் குளிரில் சோதித்துக் கொடுக்கும் தரம். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும் விடியற்காலையில்கூட நம் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் நிற்கும். டீசலே உறைந்துவிடும் என்கிறவர்களும் உண்டு. மைனஸ் 33 வரை உறையாத தனி டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது லடாக்குக்காக, ஊட்டிக்காக அல்ல. இங்கே அரசு பஸ்கள் எல்லாக் குளிர்காலமும் விடியற்காலையில் கிளம்பிக்கொண்டுதானே இருக்கின்றன, டிப்போவில் ராத்திரி முழுக்க ஓடவிட்டா வைத்திருக்கிறார்கள்?

அப்புறம் ஏன் சில வண்டி முரண்டு பிடிக்கிறது? பெரும்பாலும் பேட்டரி. பூஜ்ஜியம் டிகிரியில் அது தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். சமவெளியில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த பேட்டரி குன்னூர் தாண்டியதும் கையை விரித்துவிடுகிறது. இருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று மாட்டிவைத்தால் பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும். டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், துடைக்க மாட்டார்கள். ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டரின் விளக்கு அணைவதற்குள் சாவியைத் திருகுவார்கள். கோளாறு அங்கே இருக்க, ராத்திரி முழுக்க டீசலை எரித்து என்ன பிரயோஜனம்?

"ஏர் இறங்கிடும்", அதாவது பிரேக்கை இயக்கும் அழுத்தக் காற்று குறைந்துவிடும் என்பது இன்னொரு சாக்கு. ஒரே ராத்திரியில் ஏர் டேங்க் காலியாகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அந்த பிரேக்கோடு பர்லியார் பக்கம் மலைப்பாதையில் இறங்கப் போகிறீர்களா? முதலில் கசிவைப் பாருங்கள்.

மேடு ஏறி வந்ததும் டர்போ ஆற இரண்டு மூன்று நிமிடம், காலையில் ஏர் ஏறும் வரை சில நிமிடம். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் நிற்க அவ்வளவு போதும். அதற்கு மேல் நின்றால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, டீசல் முழுசாக எரியாமல் கரி கட்டும், ஆயிலில் டீசல் கலக்கும், புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி என்றால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பந்திப்பூரில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பதால் கூடலூர்ப் பக்கம் லாரிகள் வரிசையாகக் காத்துக் கிடக்கின்றன. அந்த ஒன்பது மணி நேரமும் ஓடினால், மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் கணக்கில், பதிமூன்றரை முதல் 27 லிட்டர் காலி. இரண்டு நல்ல கம்பளி வாங்கிவிடலாம்.

பணம் போனால் போகட்டும், உயிர்தான் முக்கியம். டீசல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு பெட்ரோலைவிடக் குறைவு என்பது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் ஆகாது என்று படுத்துவிடாதீர்கள். குழாயில் கசிவு இருந்து கேபினும் மூடியிருந்தால் அந்தக் குறைவே போதும். அதற்கு வாடை கிடையாது. வாடை உள்ள புகைக்கும் தூக்கத்தில் மூக்கு பழகிவிடும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டேன் என்கிறீர்கள். வண்டி நிற்கிறது, பள்ளத்தாக்கில் காற்றே அசையவில்லை, பக்கத்து லாரியின் சைலன்சர் உங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது, அந்த இடுக்கு வழியாக உள்ளே வருவது என்ன காற்று? அதைவிட மோசம், கேபினுக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வது. தயவுசெய்து வேண்டாம். ஒரு கங்குகூட வேண்டாம்.

குளிரில் சும்மா படு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாரி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐடிலில் நிற்கக் கூடாது. 2008 முதல் டிரைவர் உள்ளே படுத்துத் தூங்கும் வண்டிக்கும் அதே விதிதான். ஆனால் அங்கே கேபினைச் சூடாக்க, மணிக்குக் கால் லிட்டர்கூடக் குடிக்காத தனி ஹீட்டர் உண்டு, அதன் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். நமக்கு அது இல்லை. 2025 முதல் புதிய நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும் என்பதால் இந்தப் பழக்கம் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஹோட்டலுக்கு வரும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குத் தங்க இடம் தர வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாட்டில் விதி வந்தது. லோடுக்கு நிற்கும் லாரிக்காரர்களுக்கு யார் இடம் தருவது? ஓனர்களே, ஒரு ராத்திரி டீசல் காசில் டிரைவருக்கும் கிளீனருக்கும் படுக்க ஒரு இடம் பிடித்துக் கொடுங்கள். கேரட் கழுவும் இடங்களில் ஒரு ஷெட்டை ஒதுக்கி, நாலு பாய் போட்டு வைக்கலாம், பெரிய செலவில்லை. வண்டியிலேயே படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கம்பளி, தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், முன் கண்ணாடிக்கு உள்பக்கம் அட்டை. ஈரச் சட்டையோடு படுக்காதீர்கள்.

காலையில் தலை கனத்து, குமட்டலோடு விழித்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வெளிக்காற்றுக்கு வாருங்கள், கூடப் படுத்திருந்தவரையும் எழுப்பி இழுத்து வாருங்கள். அந்த நிலையில் வண்டியை எடுக்க வேண்டாம், வேறு யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கார்பன் மோனாக்சைடைப் பிரித்துக் காட்டாது, 98 என்று காட்டினாலும் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த கேபினில் தூங்கினேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.